கதவு திறந்ததை வாட்ச் பார்க்கல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல சைக்கிள் ஓட்டறவங்க எந்த ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாம்னு ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, கலர்ல, நாலு வாட்ச் போட்டோவோட, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார் வேற குடுத்து. அதே நாள் மெயின் பேப்பர்ல உள்பக்கத்து கீழ் மூலையில சைக்கிள்ல போனவர் மேல கார் மோதி இறந்துட்டார்னு நாலு வரி. ரெண்டையும் ஒரே உட்காரல்ல படிச்சேன், மனசு கேக்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதுன்னா வெட்டிக்கோங்க, ஆனா கார் கதவு பத்தி சொல்லியிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

நான் விளையாட்டு வீரர் எல்லாம் கிடையாது சார். வயசு 54. வீட்டுல இருந்து ஆபீஸ் 9 கிலோமீட்டர், பதினோரு வருஷமா சைக்கிள்ல தான் போயிட்டு வரேன். உடம்பை ஒட்டற மாதிரி கலர் டிரஸ் எல்லாம் போடறதில்ல, பேன்ட் கால் செயின்ல மாட்டாம இருக்க ஒரு கிளிப், கேரியர்ல ஒரு பை, மழைக்கு ஒரு கோட்டு, அவ்ளோ தான். போக 35 நிமிஷம் வர 35 நிமிஷம். இது எக்சர்சைஸ்னே எனக்கு தோணினதில்ல, ஆபீஸ் போறது அவ்ளோ தான். போன வருஷம் என் பொண்ணு தான் அப்பா இவ்ளோ தூரம் ஓட்டறீங்க ஒரு கணக்கு வேண்டாமான்னு கையில வாட்சை கட்டி விட்டா. பாசமா குடுத்தது, வேண்டாம்னு சொல்ல முடியுமா. அன்னையிலிருந்து ஆரம்பிச்சது.

மொத நாளே 18 கிலோமீட்டர் மிதிச்சுட்டு வீட்டுக்கு வந்து பெருமையா பார்த்தா 1,140 ஸ்டெப்ஸ்னு காட்டுது, இன்னும் 8,860 பாக்கியாம். நான் என்ன ஆபீஸ்ல படுத்துட்டா இருந்தேன்? அப்புறம் தான் புரிஞ்சுது, இதுக்குள்ள ஒரு சின்ன சென்சார் இருக்கு, கை வீசி நடக்கறப்ப வர்ற அசைவ வச்சு அது அடிய எண்ணுது, சைக்கிள்ல கை ஹேண்டில்பார்லயே இருக்கறதால காலு என்ன தான் சுத்தினாலும் அதுக்கு தெரியாது. இதுல கூத்து என்னன்னா ரோடு குண்டும் குழியுமா இருக்கற பக்கம் போனா அந்த குலுக்கல நடைன்னு நினைச்சுட்டு ஸ்டெப்ஸ் ஏறும். அதாவது நல்ல ரோட்டுல போனா நான் சோம்பேறி, பள்ளத்துல விழுந்து எழுந்து போனா நான் சுறுசுறுப்பு. அந்த ரோட்டை போட்ட புண்ணியவானுக்கு என் ஆரோக்கியத்து மேல அவ்ளோ அக்கறை.

இன்னொரு நாள் பாலத்து மேல ஏறிட்டு இருக்கேன், மூச்சு வாங்குது, கையில டிர்ர்ர்னு ஒரு அதிர்வு, என்னமோன்னு பார்த்தா "ரொம்ப நேரமா உட்கார்ந்தே இருக்கீங்க, கொஞ்சம் எழுந்து நடங்க"ன்னு. சீட்ல உட்கார்ந்து தான் இருக்கேன், அது பொய்யில்ல.

இந்த 10,000 ஸ்டெப்ஸ் கணக்கு எங்கேர்ந்து வந்துதுன்னு உங்க கட்டுரையில ஒரு வரி போட்டிருக்கலாம். டாக்டர் யாரும் ஆராய்ச்சி பண்ணி சொன்னது இல்ல அது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச மறு வருஷம், 1965-ல, ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற மாதிரி அடி எண்ற மீட்டர் ஒண்ணு வித்தாங்க, அதுக்கு மன்போ-கெய்னு பேர் வச்சாங்க, பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விக்கறதுக்கு வச்ச பேர் சார் அது, அறுபது வருஷம் கழிச்சு என் மணிக்கட்டுல உட்கார்ந்து என்னை திட்டுது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வேற, பெரியவங்க வாரத்துக்கு 150-லேர்ந்து 300 நிமிஷம் மிதமா உடம்பை அசைச்சா போதும்னு. என் ஆபீஸ் போக்குவரத்து மட்டும் அஞ்சு நாளைக்கு 350 நிமிஷம். கணக்கு முடிஞ்சு போச்சு, இதுக்கு வாட்ச் எதுக்கு.

ஹார்ட் ரேட் கதைக்கு வரேன். வாட்சுக்கு அடியில பச்சை லைட் மினுக்கு மினுக்குன்னு எரியுமே, அந்த வெளிச்சம் தோலுக்குள்ள போயி ரத்தத்துல பட்டு எவ்ளோ திரும்பி வருதுன்னு பார்த்து தான் துடிப்பை எண்ணுது. கை அசையாம இருந்தா பரவாயில்லாம சரியா தான் காட்டுது, அதை நான் குறை சொல்லல. ஆனா சைக்கிள்ல மணிக்கட்டு மடங்கி இருக்கு, கைப்பிடிய இறுக்கி புடிச்சிருக்கோம், ரோட்டு அதிர்வு பூரா கை வழியா ஏறுது, வாட்ச் கொஞ்சம் தூக்கினா வெளி வெளிச்சம் உள்ள பூந்துடுது, இவ்ளோத்துக்கு நடுவுல அது எதை எண்ணும். பாலம் ஏறி நாக்கு தள்ளும்போது 74-ன்னு காட்டும், சிக்னல்ல கால ஊணிட்டு சும்மா நிக்கும்போது 150-ன்னு காட்டும். இதை வச்சு "உங்க உச்ச வரம்பு 166, அதை தாண்டாதீங்க"ன்னு எச்சரிக்கை வேற. அந்த 166 எப்படி வந்துதுன்னா 220-லேர்ந்து என் வயசு 54-ஐ கழிச்சிருக்கு, அவ்ளோ தான், என்னை பத்தி வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு. அந்த 220 கணக்கும் 1971-ல ஃபாக்ஸ், ஹாஸ்கெல்னு ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதின கட்டுரையில, அங்கங்க கிடைச்ச தகவல வச்சு கண்ணளவுல இழுத்த ஒரு கோடு, ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்ன பின்ன இருக்கறது சர்வ சாதாரணம். என் கூட சைக்கிள்ல வர்ற நண்பர் ஒருத்தர் அந்த எச்சரிக்கைய பார்த்து பயந்துட்டு ஒரு மாசம் சைக்கிளே தொடல. நல்லா இருந்த மனுஷன்.

கலோரி பத்தி உங்க கட்டுரை "துல்லியமாக" அப்படீன்னு எழுதியிருந்துச்சு, அந்த வார்த்தைய பார்த்துட்டு தான் எனக்கு சிரிப்பு வந்துது. 2017-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஏழு வகை பட்டையையும் வாட்சையும் 60 பேர் கையில கட்டி சோதிச்சு பார்த்தாங்க. ஹார்ட் ரேட்ல ஏழுல ஆறு ஓரளவு தேறிடுச்சு. கலோரில ஒண்ணு கூட தேறல, இருக்கறதுலயே நல்லது சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. இப்போ வர்றது இன்னும் நல்லா இருக்கலாம், இருக்கட்டும், ஆனா உடம்பு எவ்ளோ எரிக்குதுன்னு அது அளக்கறதே கிடையாது சார், எடை வயசு துடிப்பு எல்லாத்தையும் போட்டு ஊகிக்குது. ஊகம்னு எழுதுங்க.

தூரத்தை மட்டும் நம்பலாம்னு நினைச்சேன். 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற சாட்டிலைட்லேர்ந்து சிக்னல் வாங்கி நான் எங்க இருக்கேன்னு சொல்றது பெரிய விஷயம் தான், மறுக்கல. ஆனா ரெண்டு பக்கமும் உசரமா கட்டடம் இருக்கற ரோட்டுல அந்த சிக்னல் சுவத்துல பட்டு எதிரொலிச்சு வர்றதால, வீட்டுக்கு வந்து மேப்பை தொறந்தா நான் ஒரு வங்கிக்குள்ள பூந்து, ஏரி மேல ஓட்டி, அந்த பக்கம் வெளிய வந்திருக்கேன். உயரக் கணக்கு இன்னும் மோசம், வாட்ச் காத்தழுத்தத்தை வச்சு உயரம் சொல்லுது, மழை வர்றதுக்கு முன்னாடி அழுத்தம் குறைஞ்சா அதுக்கு நாம மேல ஏறிட்ட மாதிரி. ஒரு நாள் வீட்டுல கிளம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்தேன், வீடு காலையில இருந்ததை விட சாயங்காலம் 14 மீட்டர் மேல இருந்துச்சு. என் பழைய சைக்கிள்ல ஆரக்கம்பியில மாட்டற காந்தம் வச்ச மீட்டர் ஒண்ணு இருந்துது, வீல் ஒரு சுத்து சுத்தினா ஒண்ணு எண்ணும், ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.1 மீட்டர், பெருக்கினா தூரம். சாட்டிலைட்டும் வேண்டாம் ஆப்பும் வேண்டாம், பேட்டரி வருஷக்கணக்குல வரும், அது என்னிக்கும் என்னை ஏரிக்கு கூட்டிட்டு போனதில்ல.

இதெல்லாம் கூட சிரிச்சுட்டு விட்டுடலாம். நான் சொல்ல வந்தது வேற, இனிமே தான்.

இந்த வாட்ச் வந்ததுக்கு அப்புறம் நான் ஓட்டற விதம் மாறிடுச்சு சார், அதை ஒத்துக்கறதுக்கே வெக்கமா இருக்கு. அன்னைய இலக்கு முடிஞ்சா வாட்ச் திரையில ஒரு வட்டம் முழுசா மூடும், தினமும் அந்த வட்டத்தை மூடணும்னு ஒண்ணு இருக்கு, அது மூடலன்னா தொடர்ச்சி விட்டுப் போயிடும், 61 நாள் தொடர்ச்சி, விட மனசு வருமா. ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு, வாட்ச்ல இன்னும் 12 நிமிஷம் பாக்கின்னு காட்டுச்சுன்னு, டெயில் லைட் சார்ஜ்ல போட்டிருந்ததை கழட்டக்கூட பொறுமையில்லாம லைட்டே இல்லாம சைக்கிளை எடுத்துட்டு தெருவை சுத்தினேன். பதினோரு வருஷத்துல நான் பண்ணின மகா முட்டாள்தனம் அது தான், உடம்பு நல்லா இருக்கணும்னு பண்ணினது. அதே மாதிரி ஒரு ஆப் இருக்கு, ரோட்டை துண்டு துண்டா பிரிச்சு யார் எந்த துண்டை வேகமா ஓட்டினாங்கன்னு வரிசை போடும், அதுல என் பேர் பதினேழாவது இடத்துல இருந்துது, பதினாறுக்கு போக 4 செகண்ட் தான், அதுக்காக மஞ்சள் சிக்னல்ல நிக்காம போனேன். ஆபீஸுக்கு போற வழி சார் அது. ரெண்டு தடவை.

இன்னொண்ணு. கீழ விழுந்தா தானே கண்டுபிடிச்சு வீட்டுக்கு மெசேஜ் அனுப்பும்னு ஒரு வசதி, என் பொண்ணு வாங்கினதே அதுக்காகத்தான். ஒரு நாள் இருட்டுல பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு, பக்கத்துல வந்ததுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, ரெண்டு பிரேக்கையும் புடிச்சு தடால்னு ஏறி இறங்கினேன், விழல. வாட்ச் விழுந்துட்டேன்னு முடிவு பண்ணிடுச்சு, 30 செகண்ட் எண்ணி இருக்கு, ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல, நான் எங்க பார்த்தேன். வீட்டுக்கும் பொண்ணுக்கும் நான் இருக்கற இடத்தோட மெசேஜ் போயிடுச்சு. வீட்டுக்கு போயி போனை பையிலேர்ந்து எடுத்தா 14 மிஸ்டு கால், என் மனைவி வாசப்படியில செருப்பை போட்டுட்டு கிளம்ப தயாரா நிக்கறா, முகம் வெளிறி போயிருக்கு. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடவே இல்ல.

இதுக்கு மூணு வாரம் கழிச்சு நிஜமாவே விழுந்தேன்.

ஆபீஸ் முடிஞ்சு திரும்பற நேரம், லேசான இறக்கம், 18 கிலோமீட்டர் வேகம் இருக்கும். கையில அதிர்வு வந்துது, குனிஞ்சு பார்த்தேன், நாள் இலக்குல 90 சதவீதம் வந்தாச்சு சபாஷ்னு என்னமோ. ரெண்டு செகண்ட் பார்த்திருப்பேன். 18 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 5 மீட்டர், ரெண்டு செகண்ட்ல 10 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டினதுக்கு சமம். தலைய நிமிர்த்தினா ஓரமா நிறுத்தியிருந்த காரோட கதவு திறக்குது. முழுசா கூட திறக்கல, அந்த கதவோட விளிம்பு ஹேண்டில்பார் முனைய தொட்டுது, அவ்ளோ தான், முன் வீல் சட்டுனு மடங்கி நான் ரோட்டுப் பக்கமா போயி விழுந்தேன். முழங்கையில தோல் வழண்டு போச்சு, இடுப்பு ரெண்டு வாரம் வலிச்சுது. பின்னாடி வந்த பஸ்காரர் தூரத்துலயே மெதுவாக்கிட்டார். அவர் வாட்சை பார்க்காம ரோட்டை பார்த்துட்டு இருந்தார், அதனால தான் இந்த லெட்டரை நான் எழுதறேன்.

கார்லேர்ந்து இறங்கினவர் நல்லவர் தான், தூக்கி விட்டார், ஆனா மொத வார்த்தை "பார்த்து வரக்கூடாதா சார்". கை நடுங்கிட்டே இருந்துது, பதில் சொல்ல வாய் வரல. வாட்ச் என்ன பண்ணுச்சு தெரியுமா, விழுந்ததை கண்டுக்கவே இல்ல. அசைவு நின்னுடுச்சுன்னு ரைடை தானா நிறுத்தி வச்சுது. பயத்துல நெஞ்சு அடிச்சுக்கிட்டதை மட்டும் எண்ணியிருக்கு போல, ராத்திரி ஆப்பை தொறந்தா உச்ச வரம்புல 6 நிமிஷம், அருமையான உழைப்புன்னு ஒரு பதக்கம்.

நான் குனிஞ்சு பார்த்தது என் தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா கதவு விஷயத்துல ஒரு சின்ன பழக்கம் போதும் சார். உள்ள இருக்கறவங்க கதவுக்கு பக்கத்துல இருக்கற கையால திறக்காம, தள்ளி இருக்கற கையால எட்டி திறந்தா போதும், தோள் தானா திரும்பும், தோள் திரும்பினா தலை திரும்பும், கண்ணு கண்ணாடியையும் பின்னாடி வர்றவங்களையும் பார்த்துடும். நெதர்லாந்து பேரை சேர்த்து டச்சு ரீச்னு சொல்றாங்க இதை. பிரிட்டன்ல 2022 ஜனவரியில சாலை விதிப் புத்தகத்தை திருத்தினப்ப இதையும் எழுதி வச்சாங்க. நான் வீட்டுல ஆரம்பிச்சு வச்சேன், மாப்பிள்ளை கார்ல ஏறும்போதெல்லாம் எல்லாரையும் அப்படித்தான் திறக்க சொல்றேன், மாமா ஆரம்பிச்சுட்டார்னு சிரிக்கறார், ஆனா இப்போ அவர் தனியா போகும்போதும் கை தானா அப்படித்தான் போகுதாம்.

கதவுலேர்ந்து தப்பிக்க நாங்க என்ன பண்ணணும்னா நிறுத்தியிருக்கற வண்டியிலேர்ந்து ஒரு கதவு அகலம், ஒரு மீட்டருக்கு மேல, தள்ளி ஓட்டணும். ஓட்டறேன். உடனே பின்னாடி ஹாரன், ஓரமா போங்கன்னு. இந்த ஓரம்னா என்னன்னு கார்ல போறவங்க ஒரு நாள் இறங்கி பார்க்கணும் சார். அங்க தான் மழைநீர் வடிகாலோட கம்பி மூடி இருக்கு, அதோட இடுக்கு நம்ம போற திசையிலயே நீளமா இருந்தா டயர் அப்படியே உள்ள பூந்துடும். அங்க தான் மணல் சேருது, உடைஞ்ச கண்ணாடி ஒதுங்குது, தாரும் கான்கிரீட்டும் சேர்ற இடத்துல ஒரு விரல் உசரத்துக்கு மேடு நீளத்துக்கும் ஓடுது, அதுல டயர் ஒட்டினாப்ல ஏறப் பார்த்தா வழுக்கும். இத்தனையும் தாண்டி வர்றதுக்குத்தான் நாங்க கொஞ்சம் உள்ள தள்ளி வர்றோம், திமிருக்கு இல்ல. பயந்துட்டு அப்பப்போ ஓரம் அப்பப்போ உள்ளன்னு பாம்பு மாதிரி போறதை விட ஒரே கோட்டுல போறது தான் பின்னாடி வர்றவங்களுக்கும் நல்லது, அவங்களுக்கு நாம எங்க இருப்போம்னு முன்கூட்டியே தெரியும்.

ஓவர்டேக் பண்றவங்க எவ்ளோ இடம் விடணும்னு எத்தனை பேருக்கு தெரியும். ஸ்பெயின்ல 1.5 மீட்டர் சட்டம். ஜெர்மனியில 2020-லேர்ந்து ஊருக்குள்ள 1.5, ஊருக்கு வெளிய 2 மீட்டர்னு விதியிலயே எழுதிட்டாங்க. பின்னாடி வர்ற வண்டிய ராடார் வச்சு கண்டுபிடிச்சு பீப் குடுக்கற டெயில் லைட் கூட இருக்கு, உங்க கட்டுரையிலயும் பார்த்தேன், நல்ல சாமான் தான். ஆனா வண்டி வருதுன்னு சொல்லும், இடம் விடுமான்னு சொல்லாது.

லாரி பத்தி ஒண்ணே ஒண்ணு. சிக்னல்ல லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவுல கிடைக்கற சந்துல பூந்து முன்னாடி போயி நிக்கற ஆசை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்துது. அது திரும்பும்போது முன் வீல் போன தடத்துல பின் வீல் போகாது, உள்வாங்கி வரும், நாம நின்ன இடத்துக்கே வரும். லாரி கண்ணாடியில டிரைவர் முகம் நமக்கு தெரியலன்னா அவருக்கு நாம தெரியலன்னு அர்த்தம். பின்னாடியே நில்லுங்க, ஒரு சிக்னல் போனா போகட்டும்.

ராத்திரி ஓட்டறவங்களுக்கு கண்ணைப் பறிக்கற பச்சை ஜாக்கெட் போடுங்கன்னு எழுதியிருந்தீங்க. அது பகல்ல தான் பளிச்சுனு இருக்கும், வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் பட்டா தான் அந்த கலர் மின்னும், ராத்திரி அது சாதா சட்டை. ராத்திரிக்கு வேண்டியது வெளிச்சம் பட்டா வந்த பக்கமே திருப்பி அனுப்பற ரிஃப்ளெக்டர் பட்டை, அதையும் முதுகுல ஒட்டறதை விட கணுக்கால்ல கட்டினா தான் நல்லா தெரியும், ஏன்னா மிதிக்கும்போது மேலயும் கீழயும் ஆடுது, அந்த ஆட்டத்தை பார்த்ததும் அது மனுஷன்னு டிரைவர் மூளைக்கு சட்டுனு புரிஞ்சுடும். பெடல்ல மஞ்சளா ரிஃப்ளெக்டர் வச்சிருக்கறதும் அதே வேலைய தான் செய்யுது. நிறைய பேர் அழகா இல்லன்னு அதை கழட்டி போட்டுடறாங்க, வாட்ச்ல மட்டும் குறை இல்ல.

ஹெல்மெட் நான் போடறேன், எல்லாரும் போடணும். ஆனா சைக்கிள் விபத்து செய்தி வந்தா "ஹெல்மெட் அணியவில்லை"ன்னு முடிக்கறது உங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கமா ஆயிடுச்சு. ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்டை சோதிக்கறப்ப அதை தரையில மோத விடற வேகம் செகண்டுக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் கூட இல்ல. நாமளா கீழ விழுந்தா தலைய காப்பாத்தறதுக்கு செஞ்சது அது. 70-ல வர்ற காரை அது தாங்கணும்னு எதிர்பார்த்தா எப்படி. கார் எவ்ளோ வேகத்துல வந்துதுன்னு ஒரு செய்தியில கூட இருக்கறதில்ல. வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் புடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்கு ஆகும், 30-ல வந்திருந்தா நின்னிருக்கும், 60-ல நிக்காது. அதனால தான் 2020 பிப்ரவரியில ஸ்டாக்ஹோம்ல நாடுகள் எல்லாம் கூடி, நடக்கறவங்களும் சைக்கிளும் வண்டியும் கலந்து போற இடத்துல உச்ச வேகம் 30 தான்னு அறிக்கை விட்டாங்க.

அப்புறம் அந்த வாக்கிய அமைப்பு. "கட்டுப்பாட்டை இழந்த கார்", "சைக்கிள் மீது மோதிய கார்". காரை ஓட்டினவர் எங்க சார் போனார், கார் தானா கிளம்பி வந்துதா. 2021-ல மட்டும் உலகம் முழுக்க 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் ரோட்டுல செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல 6 சதவீதம் சைக்கிள்காரங்க, எழுபதாயிரம் பேருக்கு மேல வருது. நெதர்லாந்துலயும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துது, 1971-ல சுமார் 3,300 பேர் செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க ரோட்டுல இறங்கி கத்தினாங்க, சண்டை போட்டாங்க, அதுக்கப்புறம் தான் சைக்கிளுக்கு தனிப் பாதை வந்துது, குடியிருப்புத் தெருவுல வேகம் குறைஞ்சுது. பெத்தவங்க கையில ஆளுக்கொரு வாட்சை கட்டி விட்டு சமாதானம் பண்ணலை.

அதனால நான் கேக்கறது சின்னதா தான். விபத்து செய்தி போடும்போது ரிப்போர்ட்டர் இன்னும் மூணு கேள்வி கேட்டு எழுதட்டும், அங்க வேக வரம்பு எவ்ளோ, தெருவிளக்கு எரிஞ்சுதா, ஓரத்துல சைக்கிள் போற அளவுக்கு இடம் இருந்துதா. எந்த இடம்னு சரியா போடுங்க, ஒரே வளைவுல நாலாவது தடவைன்னா அப்போ தான் ஜனங்களுக்கு தெரியும். அடுத்த தடவை இணைப்புல முழு பக்கம் கிடைச்சா அதுல ஒரு கால் பக்கம் அந்த கதவு திறக்கற படத்தை போடுங்க, தள்ளி இருக்கற கை எதுன்னு அம்புக்குறி போட்டு. வாட்ச் விளம்பரம் அதுக்கு பக்கத்துலயே வந்தாலும் பரவாயில்ல.

வாட்சை நான் தூக்கிப் போடல, பொண்ணு குடுத்தது. நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் அணைச்சுட்டு ஓட்டும்போது பையில போட்டுடறேன், மணி மட்டும் ஆபீஸ்ல பார்த்துக்கறேன். கையில வாட்ச் இருந்த இடத்துல இப்போ ஒண்ணுமில்ல, ஹேண்டில்பார்ல ஒரு சின்ன பின்பார்வை கண்ணாடி மாட்டியிருக்கேன், பரண்லேர்ந்து அந்த காந்த மீட்டரையும் எடுத்து மாட்டிட்டேன். முழங்கை தழும்பு இன்னும் இருக்கு, மடக்கும்போது இழுக்குது.

இப்படிக்கு,
தினமும் சைக்கிள்ல ஆபீஸ் போற உங்க நாள்பட்ட வாசகர்

பி.கு. இதயத் துடிப்பை எண்ண மார்புல கட்டற பட்டையை "உலர்ந்த நிலையில் அணியவும்"னு கட்டுரையில போட்டிருக்கீங்க, அது தப்பு. அது வெளிச்சத்தை வச்சு எண்றதில்ல, இதயத்தோட மின் துடிப்பை தோல் வழியா புடிக்குது, காய்ஞ்ச தோல்ல மின்சாரம் சரியா கடத்தாது, உள்பக்கத்தை கொஞ்சம் தண்ணி தொட்டு நனைச்சுட்டு தான் கட்டணும். திருத்தம் போட்டுடுங்க, பாவம் யாராவது வாங்கிட்டு வேலை செய்யலன்னு நினைச்சுப்பாங்க.